ஹன்னிபாலின் யானைகளை விடுங்க, மாடுகளைப் பாருங்க

ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் (வட ஆப்பிரிக்க நகர அரசு) தளபதி ஹன்னிபால்னாலே கி.மு. 218-ல் யானைகளோடு ஆல்ப்ஸ் தாண்டின கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த யானைகள் முதல் குளிர்காலத்தோடு கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. என்னைக் கேட்டா, மனுஷனோட மூளை தெரிவது அடுத்த வருஷம் மாடுகளை வச்சு செஞ்ச வேலையில்தான்.

இத்தாலியின் காம்பானியா சமவெளியில் கொள்ளையடிச்ச தானியம், கால்நடையோடு ஹன்னிபால் படை மாட்டிக்குது. வெளியேறும் கணவாயை ரோமானியத் தளபதி ஃபேபியஸின் ஆட்கள் அடைச்சு நிக்கிறாங்க. ராத்திரி ஹன்னிபால் சுமார் 2000 மாடுகளின் கொம்பில் காய்ந்த சுள்ளிக்கட்டைக் கட்டி, தீ வச்சு, பக்கத்து மலைமுகட்டுக்கு விரட்டிவிட்டார். சூடு ஏற ஏற மாடுகள் தறிகெட்டு ஓட, மலை முழுக்க தீப்பந்தம்! படையே அந்தப் பக்கம் தப்பிக்குதுன்னு கணவாய்க் காவல் அங்கே ஓடிச்சு. இவர் காலியான கணவாய் வழியா ஹாயா போயிட்டார். (பாவம் மாடுகள்.)

கி.மு. 216-ல் ரோமானியப் படையை அவர் நசுக்கின கன்னே போர். அதைப் பத்தி எழுதாத ஆளே இல்லை, விட்டுடலாம். 202-ல் ஜாமா போரில் ரோமானியத் தளபதி ஸ்கிபியோவிடம் தோல்வி.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச ஹன்னிபால். தோத்த கார்த்தேஜ் ரோமுக்கு 50 வருஷத்தில் 10,000 தாலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளி அபராதம் கட்டணும். கி.மு. 196-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர் கணக்கைத் தோண்டினார். கையாடின பணத்தை மீட்டாலே போதும், மக்கள் மேல வரியே வேண்டாம்னு சொன்னார். சுருட்டினவங்க சும்மா இருப்பாங்களா? நேரா ரோமுக்கே புகார் போச்சு. ரோமானியத் தூதர்கள் வந்து இறங்கினதும், ராத்திரியோட ராத்திரியா கிளம்பி டயர் (இன்றைய லெபனானில் இருக்கு) நகரத்துக்குக் கப்பலேறிட்டார்.