மிளகு வந்த நவம்பர்

நவம்பர் 8, சனி

ஊட்டி ஷெல்டர்ல இருந்து மிளகைக் கூட்டிட்டு வந்தாச்சு. மூணு மாசப் பூனைக்குட்டி. ஒரு ஆரஞ்சு குட்டியைப் பாக்கத்தான் போனோம், ஆனா பக்கத்து கூண்டுல துணிக்குள்ள ஒடுங்கி இவ உக்காந்திருந்தா, சின்னதுலயே கண்ல இன்ஃபெக்‌ஷன் வந்து இடது கண்ணை எடுத்துட்டாங்களாம், தையல் போட்ட இடத்துல இப்ப முடி வளர்ந்து வெறும் கோடு மாதிரி தெரியுது. வர்றவங்க எல்லாம் ஆசையா தூக்குவாங்க, கண்ணைப் பாத்ததும் வெச்சிட்டுப் போயிடுவாங்கன்னு அங்க இருந்த தம்பி சொன்னார். அப்புறம் எனக்கு வேற குட்டியைப் பாக்கத் தோணவே இல்ல.

கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூணும் கலந்த உடம்பு. இப்படி இருந்தா அனேகமா பொட்டைதான், ஆரஞ்சு நிறத்து ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, கறுப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும். வெளிய விடக்கூடாது, கருத்தடை ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. கேத்தி தாண்டுற வரைக்கும் ஒரே கத்தல்.

நவம்பர் 9, ஞாயிறு

விடிஞ்சதுல இருந்து மழை. மிளகு பீரோவுக்கு அடியில. இழுக்க வேணாம், அவளே வரட்டும்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அத்தை ஒரு கிண்ணத்துல பாலோட வந்தாங்க. "பூனைன்னா பால்தானேம்மா"ன்னாங்க. தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் சரியா செரிக்காது அத்தை, வயித்தால போகும்னு சொல்லி தண்ணி வெச்சேன். அவங்களுக்கு மனசே இல்ல.

நவம்பர் 12, புதன்

ராத்திரி வெளிய வந்திருக்கா, மணல் தட்டுல ஒழுங்கா போயிருக்கா!

இடது பக்கமா யார் போனாலும் துள்ளி விழுறா, அந்தப் பக்கம் அவளுக்கு ஒண்ணுமே தெரியாதே. இப்ப நாங்க எல்லாரும் பேசிக்கிட்டேதான் ரூமுக்குள்ள போறோம். குரல் கேட்டதும் தலையை முழுசா இடது பக்கம் திருப்பி வலது கண்ணால பாக்குறா, மூக்கு நுனி லேசா ஆடுது, அப்புறம்தான் ஒரு அடி எடுத்து வெக்கிறா.

சாப்பாட்டுக்கு குட்டிப் பூனை ஃபுட், கூட உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வெச்ச சிக்கன். தயிர்சாதம் போட்டே வளர்த்துடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க, பூனைக்கு டாரின்னு ஒரு சத்து கறி மீன்ல இருந்துதான் கிடைக்கணும், அது இல்லன்னா நாளடைவுல கண்ணும் இதயமும் கெட்டுடும். இருக்குற ஒரு கண்ணையாவது காப்பாத்த வேணாமா?

நவம்பர் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா, "பூனையை அடைச்சு வெக்கிறது பாவம் இல்லையா"ன்னு கேட்டாங்க. அக்கா, நம்ம குன்னூர்ல ராத்திரி வாசல் கேமராவுல சிறுத்தை நடந்து போறதை நீங்களே பாத்திருப்பீங்க, நாயையே தூக்கிட்டுப் போகுது, ஒத்தைக் கண்ணு குட்டி எந்த மூலைக்கு? ஜன்னலுக்கு வலை அடிச்சாச்சு, அங்க உக்காந்து தேயிலைக் காட்டைப் பாக்கட்டும். இதுல நான் யார் சொன்னாலும் கேக்கறதா இல்ல.

நவம்பர் 22, சனி

பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி ரெண்டாவது டோஸ், கூடவே ரேபிஸ் ஊசியும். 1907ல ஆரம்பிச்ச பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்குற ஊரு இது, வெறிநாய்க்கடிக்கு மருந்து செஞ்ச ஊரு, இங்கயே "வீட்டுப் பூனைக்கு எதுக்கு ஊசி"ன்னு கேக்குறாங்க. வீட்டுப் பூனைக்கும் கண்டிப்பா போடணும். ஜனவரியில ஆபரேஷன்னு டாக்டர் சொன்னார். தள்ளிப் போடக்கூடாது, சில குட்டி நாலஞ்சு மாசத்துலயே பருவத்துக்கு வந்துடும், அப்புறம் ரெண்டே மாசத்துல குட்டி போட்டுடும்.

சாயந்திரம் அத்தை டிவி பாக்கையில அவங்க சால்வைக்குள்ள போய் படுத்துட்டா. அத்தை சீரியல் முடிஞ்சும் எந்திரிக்கல.

நவம்பர் 29, சனி

ஷெல்டருக்கு பழைய கம்பளியும் பேப்பரும் கொண்டு போனோம், அங்க இப்ப குளிர் பயங்கரம். அந்த ஆரஞ்சு குட்டிக்கு வீடு கிடைச்சிடுச்சு. ஒரு பெரிய கறுப்புப் பூனை மட்டும் ரொம்ப நாளா இருக்கு, ஊசி, ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சது, ரொம்ப சாது, கையை நீட்டினா தலையைக் கொண்டு வந்து முட்டுது. வளர்ந்த பூனைன்னு யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் யாருக்காவது வீட்ல இடம் இருந்தா ஒருதடவை போய்ப் பாருங்க.