வீட்டு கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர்: 100-இல் தொடங்கும் ஐபி படுத்திய பாடு

சும்மா கிடந்த 8 ஜிபி ராம் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, கட்டைகளால் ஆன உலகத்தில் விளையாடும் மைன்கிராஃப்டின் ஜாவா எடிஷன் சர்வரை ஏற்றியாகிவிட்டது. இப்போது நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வந்து விளையாடுகிறார்கள். சர்வரை ஓடவிட்டது சின்ன வேலை. வெளியிலிருந்து அவர்களை உள்ளே கொண்டுவந்ததுதான் பெரிய வேலை.

சின்ன வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1.20.5 பதிப்பிலிருந்து குறைந்தது ஜாவா 21 இருந்தால்தான் சர்வர் கிளம்பும். முதல் தடவை ஓடவிட்டதும் தானாக நின்றுவிடும். யூலா (உரிம ஒப்பந்த) ஃபைலில் 'ஃபால்ஸ்' என்று இருப்பதை 'ட்ரூ' என்று மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினால் உலகம் உருவாகிவிடும். பாதி ராமை, அதாவது 4 ஜிபியை, சர்வருக்குக் கொடுத்தேன். ஒரே வைஃபையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து உடனே நுழைய முடிந்தது.

வெளியிலிருந்து வரத்தான் வழியில்லை. லேப்டாப்பின் உள் ஐபி மாறாதபடி ரௌட்டரில் நிலைப்படுத்தி, மைன்கிராஃப்ட் இணைப்புகள் வந்துசேரும் வாசலான 25565 போர்ட்டை டிசிபியில் அதற்குத் திருப்பிவிட்டேன். ஃபயர்வாலிலும் திறந்தாயிற்று. நண்பர் முயன்றால் 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்றே வந்துகொண்டிருந்தது.

விடை ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருந்தது. அங்கே வான் ஐபி, அதாவது ரௌட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த வெளிப்பக்க முகவரி, 100.72 என்று தொடங்கியது. ஐபி காட்டும் தளத்தில் பார்த்தால் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகளை, இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் பயன்படுத்துவதற்கென்றே 2012-இல் ஒதுக்கிவிட்டார்கள். சிஜிநாட் என்ற ஏற்பாட்டுக்கு உரியவை இவை. பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு என்பதால் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும், நம் ரௌட்டர் வரைக்கும் வராது. அப்புறம் இங்கே எந்தப் போர்ட்டைத் திறந்து என்ன பயன்? சர்வர் வைக்க நினைப்பவர்கள் வேறு எதிலும் கைவைக்கும் முன் இந்த இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது புதிய வகை முகவரியான ஐபிவி6 வழியாகப் போகலாம். பின்னதற்கு நண்பர்கள் எல்லோரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். நான் டெய்ல்ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தேன். அது வயர்கார்டு என்ற நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட விபிஎன், அதாவது வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகளை ஒரே தனி வலையமைப்பில் சேர்ப்பது. இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே பேசத் தொடங்குவதால் சிஜிநாட் இருந்தாலும் பெரும்பாலும் நேரடி இணைப்பு கிடைத்துவிடுகிறது. கிடைக்காதபோது ரிலே என்ற இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) ஏறும். யார் எந்த வழியில் வருகிறார் என்று 'டெய்ல்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளை காட்டிவிடும். ஒருவருக்கு மட்டும் கட்டை உடைத்தால் கொஞ்சம் கழித்தே உடைகிறது என்று புகார். பார்த்தால் அவர் மட்டும் ரிலேவில் இருந்தார். அலுவலக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் சரியாகிவிட்டது. போர்ட் எதையும் உலகத்துக்குத் திறந்து வைக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது. இருந்தாலும், பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அனுமதிக்கும் வொயிட்லிஸ்டை ஆன் செய்தே வைத்திருக்கிறேன்.

அடுத்து வந்தது லேக், அதாவது விளையாட்டு தாமதமாக நகர்வது. ஆள் கூடி, ஆளுக்கொரு திசையில் ஓடும்போது லாகில் 'கான்ட் கீப் அப்' வரிசையாக விழுந்தது. சர்வர் நொடிக்கு 20 டிக் (ஒரு டிக் என்பது உலகத்தை ஒருமுறை புதுப்பிப்பது) அடிக்க வேண்டும், அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், நடப்பதால், ராமைக் கூட்டுவதைவிட வேலையைக் குறைப்பதே சரி என்பது என் கருத்து. வியூ டிஸ்டன்ஸ் (ஆளைச் சுற்றி எவ்வளவு தூரம் காட்டுவது என்ற அளவு) 10 என்றால், சதுரமாகக் கணக்குப் போட்டால் ஒரு ஆளைச் சுற்றி 21-க்கு 21, மொத்தம் 441 சங்க், அதாவது உலகம் பிரிக்கப்பட்டிருக்கும் துண்டுகள். 6 ஆக்கினால் 169 போதும். அதோடு, வேகத்துக்காக மாற்றியமைத்த பேப்பர் என்ற சர்வருக்கும் மாறினேன். டிக் மறுபடி இருபதுக்கு வந்து நின்றது.

பேக்கப்புக்கு 'சேவ் ஆஃப்', 'சேவ் ஆல்' கொடுத்து, வேர்ல்ட் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, 'சேவ் ஆன்' கொடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் இரவில் ஓடுகிறது. இனி பாக்கி, உலகத்தின் எல்லைக்குள் இருக்கும் சங்க் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைப்பது. யாரும் விளையாடாத நேரமாகப் பார்த்து அதை ஓடவிட வேண்டும்.