வீட்டை விட்டுக் கப்பலில் ஏறிய வருடம்

2020 ஓகஸ்ட் 5. கொரோனாவால் ஆளாளுக்குச் சொந்தப் பேனா கொண்டுபோய் வாக்குப் போட்ட தேர்தல் அது. வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கே புள்ளடி போட்டு வந்த நான், அன்றைக்குப் பாண்டிருப்பில் கப்பலுக்குப் போட்டேன். முன்னாள் புலித் தளபதி கருணா அம்மானின் கட்சிச் சின்னம் அது.

கோபம் பொய்யில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்தித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டுக் களைத்த சனம் நாங்கள். 2019 ஜூனில் பிக்குவும் குருக்களும் ஒன்றாக உண்ணாவிரதம் இருந்தார்கள், அப்போதும் நடக்கவில்லை. அந்த அரசாங்கத்தைத் தாங்கிப் பிடித்த கூட்டமைப்பால் இந்த ஒன்றைக்கூடச் செய்விக்க முடியவில்லையே என்ற ஆத்திரம். "இவங்களுக்கு ஒருக்கா பாடம் படிப்பிக்கோணும்" என்று ஊரெல்லாம் பேச்சு. நானும்தான் சொன்னேன்.

முடிவுகள் வரவர அப்பா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். வீடு 25,220. கப்பல் 29,379. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. 2015இல் வீடு தனியாக 45,421 எடுத்து ஒரு ஆசனம் பெற்றிருந்தது. மச்சான் தாளை வாங்கி இரண்டையும் கூட்டினார்: 54,599. "கடைசி ஆசனம் எத்தனைக்குப் போயிருக்கு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே அதன் கீழே 38,911 என்று எழுதினார். அது தேசிய காங்கிரஸ் எடுத்தது. அப்பா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

இந்தக் கணக்கை வாக்குப் போட முன்னமே நான் விளங்கியிருக்க வேண்டும். எங்கள் அம்பாறை மாவட்டத்தின் தேர்தல் பெயரான திகாமடுல்லவில் 7 ஆசனம், முதலாவதாக வரும் கட்சிக்கு ஒன்று போனஸ். 5 வீதத்துக்குக் குறைய எடுத்தவர்களைத் தள்ளிவிட்டு மிச்ச வாக்கை ஆறால் பிரித்தபோது அந்த முறை ஏறக்குறைய 61,000 வந்தது. அதைத் தாண்டியவை மொட்டும் (பொதுஜன பெரமுன) தொலைபேசியும் (ஐக்கிய மக்கள் சக்தி) மட்டும்தான். அதில் போன மூன்று ஆசனம் போக மீதி மூன்றும் யாரிடம் மிச்ச வாக்குக் கூட இருந்ததோ அவர்களுக்கு. கப்பலுக்குப் போட்டாலும் தமிழருக்குத்தானே போகுது என்று நினைத்தோம். சட்டம் கட்சியைத்தான் எண்ணும், தமிழரை எண்ணாது.

நட்டம் ஆசனத்தோடு நிற்கவில்லை. கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் இடத்தை எங்கள் மாவட்டத்துக் கலையரசனுக்குக் கொடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் அது கட்சி தந்தது, நாங்கள் எடுத்ததில்லை. வாக்குப் போட்டு அனுப்பிய ஆளிடம் "எங்கட வேலை என்னாச்சு" என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். தந்ததை வாங்கிக்கொண்டவன் எந்த வாயால் கேட்பது? எந்தச் செயலகத்துக்காகக் கோபித்தோமோ, அதுவும் தரமுயரவில்லை.

கட்சி மாறுவதை எங்கள் பகுதியில் சனம் தொடக்கிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். வியாழேந்திரன் 2018இல் மாறிப் பிரதி அமைச்சரானார். அவர்கள் மாறியபோது அவர்களுக்குப் பதவி கிடைத்தது. நாங்கள் மாறியபோது இருந்ததும் போனது.

இப்போது யோசித்தால், எனக்குக் கட்சியின் ஆட்கள் மேல்தான் கோபம், சின்னத்தின் மேல் இல்லை. அதற்குத்தான் வாக்குச்சீட்டின் கீழே அந்த இலக்கங்கள் இருக்கின்றன, மூன்று விருப்பு வாக்கு. வீட்டுக்குப் புள்ளடி போட்டுவிட்டு, பிடிக்காத ஆளின் இலக்கத்தைத் தொடாமல் புது ஆட்களுக்குப் போட்டிருக்கலாம். அதை ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கலாம். கப்பலுக்குப் போட்ட ஒருவரையும் நான் துரோகி என்று சொல்லமாட்டேன், அந்த வலி எனக்குத் தெரியும்.

2024இல் வீடு 33 ஆயிரத்துச் சொச்சம் எடுத்து 2015இல் வென்ற கோடீஸ்வரன் மறுபடியும் பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னம் தங்கச்சியின் மகன் வந்து, "மாமா, இந்த முறை நான் திசைகாட்டிக்கு" என்றான். அது தேசிய மக்கள் சக்தியின் சின்னம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா பத்திரமாக வைத்திருந்த அந்தக் கலண்டர் தாளை எடுத்து, ஆறால் பிரிப்பதை மட்டும் காட்டினேன். ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போனான். யாருக்குப் போட்டான் என்று இதுவரை நான் கேட்கவில்லை.