தேனிலவும் ஒரு தார்ப்பாயும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்கே மலை தெரியும். பல் துலக்கும்போது தெரியும், துணி காயப்போடும்போது தெரியும். எனக்குச் சோறூட்ட அம்மா நிலாவுக்குக் காத்திருந்ததே இல்லை, இந்த மலையைக் காட்டியே ஊட்டி முடித்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை நாங்கள் தேனிலவுக்குப் போனது அந்த மலைக்குத்தான்.

சிரிக்க வேண்டாம். மாலத்தீவில்தான் ஆரம்பித்தோம்.

கல்யாணம் ஆவணியில். அடுத்து புரட்டாசி வந்தது. புரட்டாசியில் புதுமணத் தம்பதி ஊர் ஊராகப் போகக்கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "எங்க மாமியா சொன்னதுடா" என்றார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிறகு தலை தீபாவளி. மாமனார் வீட்டில் ஐந்து நாள் உட்காரவைத்துப் போட்டதில் நான் மூன்று கிலோ ஏறி வந்தேன். இதற்குள் மாலத்தீவுக்கு என்று எடுத்து வைத்த பணம் போர்வெல் மோட்டாருக்குப் போயிருந்தது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். மோட்டார் என்பது கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து பழுதாகும் ஜாதி.

இந்த நேரம் பார்த்து என் மனைவியின் கல்லூரித் தோழி கனடாவிலிருந்து படம் அனுப்பினாள். சாலையின் இரண்டு பக்கமும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று மேப்பிள் இலைகள். நடுவில் கார், கார் மேல் கணவன், கணவன் மேல் தோழி.

"இலையுதிர் காலத்துல இப்படி ஒரு ரோட்டுல போகோணுமுங்க" என்றாள் இவள்.

எங்கள் தோட்டத்தில் வருஷம் பன்னிரண்டு மாதமும் உதிர்காலம்தான். ஆனால் உதிர்வது தென்னை மட்டை. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டால் அனுப்பி வைக்க ஆள் இருக்காது. இதைச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டும்தான்.

காலையில் நானே வால்பாறை என்றேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், எங்கள் கோட்டூரிலிருந்து அதைவிடக் குறைவு. 40 கொண்டை ஊசி வளைவு. மேலே தேயிலை, மூடுபனி, அணை. பெட்ரோல் செலவை அப்பாவின் கணக்கில் சேர்த்துவிடலாம். அவளுக்கும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் தற்செயல் விடுப்பு போட்டால் போதும்.

தப்பு எங்கே நடந்தது என்றால், இதைத் திண்ணையில் வைத்துப் பேசிவிட்டோம்.

சித்தப்பாதான் முதலில் பிடித்துக்கொண்டார். "ஐப்பசி அடை மழையில எவனாச்சும் மலை ஏறுவானா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "அப்படியில்லீங்க சின்ன மாமா. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதே கூதிரும் முன்பனியும்தான். மலைக்குப் போக இதுதானுங்க சரியான நேரம்" என்றாள். தமிழாசிரியையைக் கட்டிக்கொண்டால் இந்த வசதி உண்டு. எதற்கும் ரெண்டாயிரம் வருஷத்து ஆதாரம் கையில் இருக்கும்.

சித்தப்பா விடவில்லை. "சரி சாமி, அந்தத் திணைக்கு உரிப்பொருள்னு ஒண்ணு சொல்லுவாங்களே, அது என்ன?"

"அது பாடப் புத்தகத்துலயே இருக்குதுங்க மாமா" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சித்தப்பா பக்கத்து வீட்டுப் பையனின் பிளஸ் டூ புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். யாரும் கொடுக்க வேண்டாம்.

அதன் பிறகு திட்டம் எங்கள் கையில் இல்லை. மிச்சமான கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் சித்தப்பா சாலைப் படம் வரைந்தார். (இருநூறு பத்திரிகை மிச்சம். மளிகைக் கணக்கு, பால் கணக்கு எல்லாம் இப்போது எங்கள் பெயருக்குப் பின்னால்தான்.) முதலில் ஆனைமலை மாசாணியம்மன். அது எதிர்த்திசையாயிற்றே என்றால், "அம்மனுக்குத் திசை உண்டா?" என்றார் அம்மா. அங்கே மிளகாய் அரைத்துப் பூசினால் நியாயம் கிடைக்கும் என்பார்கள். யார் மேல் அரைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் கருமலை பாலாஜி கோயில். அப்புறம் எஸ்டேட்டில் இருக்கும் பெரியம்மாவின் நாத்தனாரைப் பார்த்து, எங்கள் கல்யாணத்துக்கு வராததற்கு நாங்களே போய்க் கோபித்துக்கொண்டு வர வேண்டும். வரும்போது அந்த அம்மாவிடம் இரண்டு கிலோ தேயிலைத் தூள்.

அம்மிச்சி, அதாவது என் பாட்டி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "அதென்ன கண்ணு, தேன் நிலவு?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரே முடிவுக்கு வந்தார். "மலைத் தேன் நல்லதுதான். எனக்கும் ஒரு போத்தல் வாங்கியா, இருமலுக்கு."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் கவலை வேறு. களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் இருந்தால் ஏழெட்டு நாளில் எடுத்துவிடலாம். ஐப்பசியில் நல்ல வெயிலுக்கு எங்கே போவது? ஒரு மழை பட்டால் பூஞ்சை, பூஞ்சை பட்டால் வியாபாரி கொப்பரையை மோந்து பார்த்துவிட்டு நம்மையும் ஒரு பார்வை பார்ப்பான். கிளம்புகிற நேரத்தில்தான் அருகே வந்தார். "தம்பி, ஒம்பதாவது வளைவுல நிப்பாட்டுவீங்கல்ல? அங்கிருந்து பார்த்தா கீழ மொத்தமும் தெரியும். மழை வந்தா ஒரு போன் போடு. தார்ப்பாய் போட ஆளு வேணும்."

ஆக, மாலத்தீவில் ஆரம்பித்த தேனிலவு வானிலை ஆய்வு மையமாக முடிந்தது.

இ-பாஸ் கதையைச் சொல்லவில்லையே. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024-லேயே வந்தது. கூட்டத்தைக் குறைக்க நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து பல் துலக்கிக்கொண்டே பார்த்த மலைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்கு விசா எடுத்த மாதிரி.

கார் அப்பாவுடையது. பின் சீட்டு நிரந்தரமாகத் தேங்காய் மூட்டைக்கு ஒதுக்கப்பட்டது. ஏசி போட்டால் கொப்பரை வாசனை குளிர்ச்சியாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம், தட்டை, முறுக்கு எல்லாம் பிளாஸ்டிக் பையில். ஆழியாறு சோதனைச் சாவடியில் பையை வாங்கிக்கொண்டு முறுக்கை மடியில் கொட்டிவிட்டார்கள். பட்டுப் புடவையில் முறுக்கோடு என் மனைவி. (பட்டுப் புடவை ஏன் என்று கேட்காதீர்கள். காலையில் மாசாணியம்மன்.) இதற்கும் கனடாவுக்கும் இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டது எனக்குக் கேட்டது.

குரங்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அதற்கு இப்போது கவியருவி என்று பெயர். நான், "பாரு, கவிதையான பேரு" என்றேன். "கவின்னா குரங்குன்னும் அர்த்தமுங்க. பேரை மாத்தவே இல்லை" என்றாள். இரண்டு குரங்குகள் முறுக்கோடு அதை ஆமோதித்தன.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்துக்காரன், வளைவெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று நிச்சயம் ஆனதிலிருந்து அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போன பேருந்தில் பதினொன்றாவது வளைவில் நான் செய்த காரியம் என் வகுப்புக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சட்டைப் பையில் ரகசியமாக ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன்.

ஒன்பதாவது வளைவு. லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை. வண்டியை ஓரங்கட்டி இறங்கினோம். தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு, வரி வசூலிக்க வந்த மாதிரி நின்றது. "வருடை" என்று இவள் மெதுவாகச் சொன்னாள். சங்கப் பாட்டில் அதற்கு அதுதான் பேராம். பாடம் நடத்தும் குரல் இல்லை அது. எனக்கு அந்தக் குரல் புதிது.

அப்போது பின்னால் ஒரு குரல். "ஏனுங் தம்பி, நீங்க கோட்டூர்க் களத்துக்காரரு பையன்தானே?" டீ விற்கிறவர். இந்த மாதிரித் தேனிலவில் இது ஒரு சங்கடம், அறிமுகம் இல்லாத மனிதரே கிடைக்க மாட்டார். அப்பாவின் சுகம், அம்மாவின் மூட்டுவலி, போர்வெல் மோட்டார் எல்லாம் விசாரித்துவிட்டு டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

கீழே ஆழியாறு அணை. அதைத் தாண்டிப் பச்சைப் பாய் விரித்த மாதிரித் தென்னை, கண்ணுக்கெட்டிய வரை. அந்தப் பாய்க்குள் எங்கேயோ எங்கள் வீடு. நான் தேடிக்கொண்டிருந்தேன். கிழக்கே உடுமலைப் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மழை தொங்கிக்கொண்டு வருவதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

போனை எடுத்தேன். அதற்குள் அவள் காதில் போன் இருந்தது.

"மாமா, நானுங்க. மழை வருதுங்க, கிழக்கால. பத்து நிமிஷத்துல நம்ம பக்கம் வந்துரும்போல. தார்ப்பாயை எடுங்க. வடக்கு மூலையில போன தடவை தண்ணி இறங்குச்சல்ல, அங்க செங்கல் வையுங்க. அத்தைக்குக் கால் வலிக்கும், அவங்களை மாடிப்படி ஏறவிடாதீங்க, துணியை அப்புறம் பார்த்துக்கலாம்."

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வடக்கு மூலையில் தண்ணீர் இறங்குவது எனக்கே தெரியாது.

மழை வருவதை மேலிருந்து பார்த்தபடி நின்றோம். ஒவ்வொரு தோப்பாக மறைத்துக்கொண்டு வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். திடீரென்று என் கையை இழுத்தாள். "அதோ பாருங்க, நீலமா ஒரு புள்ளி. நம்ம தார்ப்பாய்தானே அது?"

அவ்வளவு தூரத்தில் அணையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆமாம் என்றேன். போட்டுட்டாங்க என்று அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். வரையாடு போய்விட்டிருந்தது. புடவை மடிப்பில் ஒட்டியிருந்த கடைசி முறுக்குத் துண்டை எனக்குப் பாதி கொடுத்தாள்.

இன்னும் 31 வளைவு பாக்கி. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் இல்லை. கார்க் கதவைத் திறந்துகொண்டே அவள் சிரிக்காமல் சொன்னாள்: "எங்கிட்டத்தான் இருக்குது. உங்க அம்மா எல்லாத்தையும் சொல்லித்தான் அனுப்பினாங்க."