காரணம் என்ற கட்டம்

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் தரவுப் பதிவு வேலை பார்த்தேன். விண்ணப்பத்தில் கையால் எழுதியிருப்பதைக் கணினியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண், இரத்த வகை எல்லாம் விரல் தானாகத் தட்டிக்கொண்டே போகும். படிவத்தின் பின்பக்கம் வந்தால்தான் எனக்குச் சங்கடம். வலிப்பு வந்ததுண்டா, இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்களா, மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

ஒருவர் வலிப்புக்கான கேள்வியில் "ஆம்" என்று குறியிட்டு, அதை அடித்துவிட்டு "இல்லை"யில் குறியிட்டு, அதையும் அடித்து, கடைசியில் ஓரத்தில் "ஆம்" என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். பேனாவை மூன்று முறை எடுத்து வைத்திருப்பார். வீட்டாருக்குக்கூட அவர் சொல்லியிருந்தாரோ என்னவோ, எங்களிடம் சொல்லிவிட்டார். அந்தத் தாள் என் மேசை ஓரத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, அரை நாள் கிடந்தது. என் கவனக்குறைவுதான். யாரும் கண்டிக்கவில்லை, கண்டிக்க வேண்டிய விஷயம் என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களோடு வந்த முகவரிச் சான்று நகல்களின் வெற்றுப் பக்கத்தில் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாரோ ஒருவருடைய வீட்டு விலாசத்தின் முதுகில் எங்கள் விடுப்புக் கணக்கு.

இனி என் கதை. ஒரு பிற்பகல், வரிசை காலியாகிவிட்டது. பள்ளியில் உடன் படித்து, பிறகு தொடர்பே இல்லாமல் போன ஒருத்தியின் பெயரைத் தேடல் கட்டத்தில் தட்டினேன். அதே பெயரில் மூவர் வந்தார்கள். பிறந்த ஆண்டைச் சேர்த்ததும் ஒருத்திதான் மிஞ்சினாள். வீட்டு எண், தெரு, கைபேசி எண், கண்ணாடி அணிந்துதான் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் திரையில் இருந்தன. புகைப்படத்தில் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. பள்ளி நாட்களில் அது இல்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரையை மூடினேன். எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தவறு செய்ததாகவும் நினைக்கவில்லை.

பின்னாளில் ரெபெக்கா ஷேஃபர் வழக்கைப் படித்தபோதுதான் அந்த ஒரு நிமிடம் உறுத்த ஆரம்பித்தது. அமெரிக்க நடிகை, வயது 21. 1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவரை வெகு நாட்களாகப் பின்தொடர்ந்து வந்த ரசிகன். முகவரியை அவன் துப்பறியும் நிறுவனம் ஒன்றின் மூலம் பெற்றான். அந்த நிறுவனத்துக்கு அது கிடைத்த இடம் கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறை. பூட்டை உடைத்து யாரும் எடுக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

இந்தக் கொலையும் ஒரு காரணமாக, 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டுநர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாகனத் துறைகள் ஓட்டுநர்களின் விவரங்களை வெளியே தருவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. மாநிலங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று தென் கரோலினா வழக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது. புகைப்படத்துக்கும் உடல்நலத் தகவலுக்கும் கூடுதல் காப்பு உண்டு. மீறினால், பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு வழங்கலாம். ஆனால் அதே சட்டத்தில் தகவலைத் தரலாம் என்று 14 விலக்குகளும் இருக்கின்றன: காப்பீட்டு நிறுவனம், வழக்கு விசாரணை, உரிமம் பெற்ற துப்பறிவாளர் என்று. ஆமாம், துப்பறிவாளரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். எந்த நோக்கத்துக்கு என்பதில்தான் கட்டுப்பாடு.

வெளியே இருந்து வருகிறவனுக்கு இத்தனை விதிகள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் முன்னாள் காவல் அதிகாரியான ஒரு பெண்ணின் உரிமப் பதிவை, நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் நானூறு தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார்கள். எல்லோரிடமும் முறையான கடவுச்சொல் இருந்தது. அவர் வழக்குப் போட்டார். 2012இல் அவருக்கான சமரசத் தொகைகள் பத்து லட்சம் டாலரைத் தாண்டின. அந்தக் காவலர்களில் பலரும் என்னைப் போலத்தான் நினைத்திருப்பார்கள்: சும்மா பார்த்தேன்.

அரசே விற்பது தனி ரகம். இந்தியாவில் வாகனப் பதிவுகளுக்கான வாகன், ஓட்டுநர் உரிமங்களுக்கான சாரதி ஆகிய அரசுத் தரவுத்தளங்களை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டதில் சுமார் 65 கோடி ரூபாய் வந்ததாக 2019 ஜூலையில் மாநிலங்களவையில் சொன்னார்கள். மொத்தமாகத் தரவைப் பகிரும் கொள்கை மறு ஆண்டே கைவிடப்பட்டது. ஓட்டத் தெரியும் என்று நிரூபிக்க வந்தவரிடம் வாங்கிய விவரம் அது. விற்கலாமா என்று அவரிடம் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்தில் இருந்தது?

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓட்டுநர் உரிமத்தைக் கைபேசியிலேயே வைத்துக் காட்டுவதற்காக 2021இல் வெளிவந்த பன்னாட்டுத் தரம், ஐஎஸ்ஓ 18013-5, எனக்குப் பிடித்திருக்கிறது. வயதைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் பிறந்த தேதியும் முகவரியும் காட்டத் தேவையில்லை. குறிப்பிட்ட வயது நிரம்பியவரா என்பதற்கு "ஆம்" மட்டும் போகும். பிளாஸ்டிக் அட்டையை நீட்டினால் எதிரில் இருப்பவர் வீட்டு எண்வரை படித்துவிடுகிறார். ஆனாலும் இது கவுண்டருக்கு வெளியே இருக்கும் பக்கத்துக்கான மருந்து. ஊழியர் உட்கார்ந்திருக்கும் உள்பக்கத்தில், கோப்பை யார் திறந்தார் என்பது பதிவானால் போதாது. அந்தப் பதிவை வேறொருவர் மாதா மாதம் படிக்கவும் வேண்டும்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்கள் முன்பு மென்பொருளை மாற்றினார்கள். யாருடைய பதிவைத் திறந்தாலும் "காரணம்" என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். நிரப்பினால்தான் உள்ளே விடும். முதல் வாரம் எல்லோரும் விண்ணப்ப எண்ணை ஒழுங்காகத் தட்டினோம். அடுத்த வாரம் "அலுவல்" என்று தட்டினோம். பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள்: வெறும் முற்றுப்புள்ளி வைத்தாலும் கணினி ஏற்றுக்கொள்கிறது.

என் தோழியைத் தேடிய நாளின் பதிவு எங்காவது ஒரு சர்வரில் இன்னும் இருக்கலாம், தேதியும் நேரமும் என் பணியாளர் எண்ணுமாக. காரணம் என்ற கட்டம் அப்போது இல்லை. இருந்திருந்தால் நானும் ஒரு புள்ளிதான் வைத்திருப்பேன்.