நின்று ஆறு வருஷம் கழித்து

மார்ச் 3, திங்கள்

காலையில் உள்ளாடையில் ஒரு கறை. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், பழுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறம். எனக்கு வயது 58, மாதவிலக்கு நின்று ஆறு வருஷமாகிறது. முதல் வேலையாக அதை அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டேன், தடயத்தை அழிக்கிற மாதிரி. அப்புறம்தான் போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

அக்காவுக்கு போன் போட்டேன். 64 வயது, எதற்கும் அசரமாட்டாள். "எனக்கும் போன வருஷம் ரெண்டு தடவை பட்டுச்சுடி. உடம்பு சூடுதான். இதுக்கெல்லாம் போய் டாக்டர் முன்னாடி காலை விரிச்சுப் படுக்கணுமா?" என்றாள். போனை வைத்த பிறகு என் கறையை விட அந்த "ரெண்டு தடவை"தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் முழுக்க வாரம் மூன்று தடவை பேசியிருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். "ஒரு பொட்டுதான்" என்று இழுத்தேன். கடைசி மாதவிலக்கு முடிந்து 12 மாதம் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் வருவது எதுவும் மாதவிலக்கு இல்லை, ஒரு சொட்டானாலும் கணக்குதான் என்றார். இப்படி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு காரணம் புற்றுநோய் இல்லை, வேறு ஏதாவதாக இருக்கும், கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்து போயிருக்கும், சின்னதாக ஒரு சதை வளர்ச்சி, பாலிப் என்பார்கள், அது இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர்களைத் திருப்பி எண்ணிப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த இரத்தம்தான் அடையாளமாக இருந்திருக்கிறது. முதல் ஒன்பதை நம்பி நிம்மதியாக இருக்கலாம், அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்துவிட இரண்டாவது ஒன்பது விடாது. அக்கா பிடித்துக்கொண்டிருப்பது முதலாவதை மட்டும்.

எடை பார்த்தார்கள். ஐம்பதுக்கு மேல் ஏறிய சதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு தன் பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தயாரித்துக்கொண்டிருக்குமாம். அதை மட்டுப்படுத்துகிற இன்னொரு ஹார்மோன் புரோஜெஸ்டிரோன்தான் இப்போது உடம்பில் இல்லை, அதனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு கேட்க ஆளில்லாமல் தடித்துக்கொண்டே போகும். மெனோபாஸுக்குப் பிறகு வரும் மார்பகப் புற்றுநோயிலும் இதே ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டாம். தொப்பை அழகுப் பிரச்சினை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

உள்வழி ஸ்கேன். உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம் என்றார்கள். எனக்கு 9. அடுத்து பயாப்ஸி, உட்சவ்விலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

மார்ச் 10, திங்கள்

வலியைப் பற்றி யாரும் நேராகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஸ்ட்ராவை விட மெல்லிய ஒரு குழாயை உள்ளே விட்டு, உறிஞ்சுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். அந்த அரை நிமிஷம், பதினேழு வயதில் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்போமே, அதே வலி அடிவயிற்றில் வந்து போனது. எழுந்து உட்கார்ந்ததும் வலி இல்லை. குப்பிக்குள் சிவப்புத் துணுக்குகளாக ஏதோ மிதந்தது, மேலே என் பெயர் எழுதிய சீட்டு. ரிசல்ட் வர ஒரு வாரம்.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் இல்லை. படிவத்தில் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தேன், அம்மா வழியை மட்டும் நினைத்து. இரவு ஒரு மணிக்குத்தான் அத்தை ஞாபகத்துக்கு வந்தாள். அப்பாவின் தங்கை, சினைப்பைப் புற்றுநோயில் போனவள். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பாவிடமிருந்தும் அதே அளவு வரலாம், அப்பாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காலையில் டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். மரபணு ஆலோசனைக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

அப்படியே சினைப்பைக்கும் வருஷா வருஷம் இரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு அதனால் பயன் இல்லையாம். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், 2021இல் முடிவு வந்தது, சாவு குறையவில்லை. டெஸ்ட் எடுத்தால் நல்லதுதானே என்று எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது போலிருக்கிறது. அதற்குப் பதில் வாரக்கணக்கில் தீராத வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் வருவது, இவற்றை வாயுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள் என்றார். அத்தை ஆறு மாதம் வாயு மாத்திரை விழுங்கினாள்.

மார்ச் 17, திங்கள்

புற்றுநோய் இல்லை. உட்சவ்வு அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது, ஆனால் செல்களின் உருவம் கெடவில்லை. இந்த வகை புற்றுநோயாக மாறுவது 20 ஆண்டுகளில் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாம். புரோஜெஸ்டிரோன் வகை மருந்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் அந்தக் குழாய், நடுவில் எடை குறைக்க வேண்டும். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன், பஸ்ஸில் இரண்டு தடவை. அழுகை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது.

மார்ச் 20, வியாழன்

கையோடு மேமோகிராம், மார்பகத்துக்கான எக்ஸ்ரே. அக்குளில் பவுடர், டியோடரண்ட் எதுவும் போடாமல் வரச் சொன்னார்கள், அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியுமாம். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்குவார்கள், சில விநாடிதான், பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். மறுபடி கூப்பிட்டாலும் பதற வேண்டாம், கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது என்று டெக்னீஷியன் பெண் தானாகவே சொன்னாள். நல்ல பெண்.

எனக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். "பால் குடுத்த காலம் எப்பவோ முடிஞ்சது, இந்த வயசுல இதுல என்ன வரப்போகுது" என்று சிரித்தார். மார்பகப் புற்றுநோய் முப்பதில் இருப்பதை விட எழுபதில்தான் அதிகம் வருகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது, முன்பின் தெரியாதவர் என்று விழுங்கிவிட்டேன். அதான் உள்ளே வந்துவிட்டாரே.

மார்ச் 24, திங்கள்

அக்காவோடு சண்டை. 65 ஆனால் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டே வேண்டாமாமே, எனக்கு அடுத்த வருஷம் 65, தப்பித்தேன் என்கிறாள். அது ஒழுங்காக எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் இல்லை என்று தொடர்ந்து வந்தவர்களுக்கு. இவள் வாழ்நாளில் ஒரு தடவை கூட எடுத்ததில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடலுறவில் எப்போதோ தொற்றி பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வேலையைக் காட்டும், அத்தானே போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு என்பதெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை என்றேன். கோபத்தில் வைத்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, "அந்தக் குழாய் எவ்வளவு நேரம்னு சொன்னே?" என்றாள்.

"அரை நிமிஷம்."

"நீயும் உள்ள வருவியா?"

மார்ச் 27, வியாழன்

வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் படிவத்தை என் கையில் திணித்தாள். கடைசி மாதவிலக்கு எப்போது என்றதற்கு விரல் விட்டு எண்ணினாள். இரத்தப்போக்கு எத்தனை முறை என்றேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாலு தடவை" என்றாள் மெதுவாக. நான் நிமிரவில்லை, 4 என்று எழுதினேன். குடும்பத்தில் யாருக்காவது என்ற இடத்தில் அத்தையை எழுதும்போது உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.