யங்: செர்ரி ஊரில் ஒரு பருவம்

அக்டோபர் 5

கான்பெராவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்தால் யங் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் செர்ரித் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர் அது. யாஸ் ஊரைத் தாண்டியதும் ஹியூம் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பிநாலாங், ஹார்டன் வழியாகச் சென்றோம். வழியெங்கும் ஆடுகள் மேயும் மேட்டுநிலங்களும், இன்னும் மஞ்சள் மாறாத கனோலா வயல்களும் மாறி மாறி வந்தன. ஊரை நெருங்கியபோது மண்ணின் நிறம் சிவந்தது. சிதைந்த கருங்கல்லிலிருந்து உண்டான ஆழமான செம்மண் இது. நீரைத் தேக்காமல் வடித்துவிடுவதால் செர்ரி வேருக்கு மிகவும் ஏற்றது.

தோட்டங்கள் முழுவதும் பூத்திருந்தன. இலை வருவதற்கு முன்பே பூ வந்துவிடுவதால், தொலைவிலிருந்து பார்த்தால் கிளைகளே தெரியாமல் வெண்மை மட்டுமே தெரிகிறது. வரிசைகளுக்கு நடுவே தேனீப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பழைய செர்ரி வகைகளில் பல, தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. பக்கத்து வரிசையில் ஒத்துப்போகும் வேறொரு வகை அதே வாரத்தில் பூத்தாக வேண்டும். ஸ்டெல்லா, லாப்பின்ஸ் போன்ற பிற்காலத்து வகைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த ஊரில் ஏன் செர்ரி என்பதற்கு விடை குளிர்காலத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இரவுகளில் உறைபனி விழுகிறது. பெரும்பாலான செர்ரி வகைகள் சீராகப் பூக்க வேண்டுமானால், ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரத்துக்கும் மேல் மரம் உறங்கியிருக்க வேண்டும். குளிர்காலம் இளகிவிட்டால் பூ சிதறிப் பூக்கும், காய்ப்பும் குறையும். தோட்டக்காரர்கள் மழையைக் கணக்கிடுவதைப் போலவே குளிர்ந்த மணி நேரங்களையும் கணக்கிட்டு வருகிறார்கள்.

நவம்பர் 29

அறுவடை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு மீண்டும் வந்திருக்கிறோம். பழைய ரயில் நிலையம்தான் இப்போது சுற்றுலாத் தகவல் நிலையமாக இருக்கிறது. 1885-இல் இங்கே ரயில் வந்தது. விரைவில் கெட்டுப்போகும் ஒரு பழத்தை 370 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் சிட்னிச் சந்தைக்கு அனுப்ப வழி பிறந்த பிறகுதான் செர்ரி இந்த வட்டாரத்தின் தொழிலாக வேரூன்றியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. வணிக நோக்கில் முதல் தோட்டத்தை வைத்தவர் நிக்கோல் ஜாஸ்பிரிட்சா. இன்றைய குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையிலிருந்து தங்க வேட்டைக் காலத்தில் வந்து சேர்ந்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் காய்கறி விற்றவர், 1878-இல் செர்ரி நட்டார்.

மதியம் ஒரு தோட்டத்தில் நாங்களே பழம் பறித்தோம். வாசலில் வாளியைக் கொடுத்து, எந்த வரிசைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது எடைக்குப் பணம். தோட்டத்துக்கு உரியவரான முதிய அம்மையார் முதலில் பறிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். பழத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. காம்பின் மேல்முனையை விரல்களால் பற்றி, மேல்நோக்கிச் சற்றே திருகினால் அது தானாகக் கழன்று வருகிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் கட்டை விரல் நகத்தளவு குட்டையான முண்டு ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டுகள் அதில்தான் உருவாகின்றன. இழுத்துப் பறிப்பவர்கள் அந்த முண்டையும் சேர்த்துப் பிய்த்துவிடுகிறார்கள் என்று சொல்லி, அப்படிப் பிய்ந்துபோய் வெறுமையாக நின்ற ஒரு கிளையையும் காட்டினார். அதன் பிறகு என் மனைவியும் நானும் ஒவ்வொரு பழத்துக்கும் நேரம் எடுத்துக்கொண்டோம்.

செர்ரி பறித்த பின் மேலும் பழுப்பதில்லை. மாங்காயை வைக்கோலில் வைத்துப் பழுக்க விடுவதைப் போன்ற வசதி இதில் கிடையாது. மரத்தில் எந்த இனிப்பு ஏறியதோ அதுவே முடிவு. கருஞ்சிவப்பு வகைகளில், வெளிர் சிவப்பாகப் பளபளக்கும் பழம் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் புளிக்கும். நாவற்பழ நிறத்தை நெருங்கியதுதான் தித்திக்கும்.

எங்களுக்கு அப்பால் இருந்த வரிசைகளில் கூலிக்குப் பறிப்பவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தோளில் வார் மாட்டி வயிற்றோடு ஒட்டித் தொங்கும் வாளி, இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லாத வேலை. இளைஞர்கள் வேலை செய்துகொண்டே நாட்டைச் சுற்றிப் பார்க்க இடம் தரும் வேலை விடுமுறை விசாவில் தைவானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளைஞர்களும், பசிபிக் தீவுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேலை விடுமுறை விசாவில் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டும் இந்த நாட்டில் தங்க வேண்டுமானால், நாட்டுப்புறத்தில் 88 நாள் இப்படிப்பட்ட வேலை செய்திருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் இந்தப் பழம் எந்தக் கடைக்கும் போய்ச் சேராது என்று அந்த அம்மையாரே சொன்னார்.

நவம்பர் 30

விடியற்காலையில் ஒரு மணி நேரம் நல்ல மழை. விடுதி அறையில் நாங்கள் அதை ரசித்துக்கொண்டிருந்தபோது, வெளுக்கத் தொடங்கிய வானத்தில் ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்டது. அது எதற்காக என்று காலை உணவு பரிமாறியவர் விளக்கிய பிறகு மழையை ரசிக்க மனம் வரவில்லை.

முற்றிய செர்ரியின் மேல் மழைநீர் நின்றால் தோல் வழியாக உள்ளே ஊறுகிறது. வேர் வழியாகவும் நீர் ஏறுகிறது. சதை பெருக்கிறது, தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கிறது. அதனால்தான் ஹெலிகாப்டரை அமர்த்தி, மரங்களுக்கு மேல் தாழ்வாக மெல்ல நகர்த்தி, சுழலும் இறக்கைகளின் காற்றால் நீரை உதறிவிடச் செய்கிறார்கள். அதன் வாடகை மணிக்கணக்கில் ஏறும். வசதி குறைந்தவர்கள் மருந்து தெளிக்கும் டிராக்டர் விசிறியை மருந்தில்லாமல் ஓட்டி வரிசை வரிசையாக ஊதுகிறார்கள். ஓராண்டு முழுவதும் செய்த செலவும் உழைப்பும் ஆறு வாரத்துக்குள் பணமாக வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் ஒரு மழை நாள் போதும்.

பத்து மணிக்கு மேல் நேற்றுப் போன தோட்டத்துக்கே போனோம். பொதுமக்கள் பறிக்க அன்று அனுமதி இல்லை. அம்மையார் கையில் சில பழங்களை வைத்துக் காட்டினார். காம்பு பதிந்திருக்கும் குழியைச் சுற்றி, நீர் தேங்கிய வட்டத்திலேயே, பிறை வடிவில் மெல்லிய கீறல். வேறு சில பழங்களில் அடிமுனையிலிருந்து மேல்நோக்கி ஒரு பிளவு, அதற்குள் ஈரமான சதை. சுவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓரிரு நாளில் அந்தக் கீறலில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் பெட்டியில் போட முடியாது. ஜாமுக்கும், மாவுக்குள் வைத்துச் சுடும் செர்ரி 'பை' பலகாரத்துக்கும்தான் போகும். சேதம் இந்த முறை கொஞ்சம்தான் என்று அவர் சொன்ன பிறகே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் 1

செர்ரிக்காக மட்டும் இந்த ஊருக்கு வந்து திரும்புவோரே மிகுதி. அவர்கள் லாம்பிங் ஃபிளாட் நாட்டுப்புற அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆடுகள் குட்டி ஈனும் மேய்ச்சல் நிலமாக இருந்ததால் இந்த இடத்துக்கு அப்போது லாம்பிங் ஃபிளாட் என்று பெயர். 1860-இல் இங்கே தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அவர்களில் சீனர்களும் இருந்தார்கள். அவர்கள் குழுவாக உழைத்தார்கள். பிறர் கைவிட்டுப்போன மண்ணையும் மீண்டும் அலசித் தங்கம் எடுத்தார்கள். நீர் அரிதான இடத்தில் நீரை வீணாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து வெறுப்பாக வளர்ந்தது. 1861 மார்ச்சில், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் முதல்வர் சார்ல்ஸ் கௌப்பரே நேரில் வந்து பேசியும் அது அடங்கவில்லை. ஜூன் 30 அன்று, இரண்டாயிரத்துக்குக் குறையாத ஐரோப்பியச் சுரங்கத்தவர்கள் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாகச் சென்று சீனர் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். கூடாரங்களையும் உடைமைகளையும் கொளுத்தினார்கள். மனிதர்களை அடித்து, அவர்களுடைய சடைகளை அறுத்தார்கள். நடுக்குளிர் காலத்தில், கையில் ஒன்றுமில்லாமல் விரட்டப்பட்டவர்கள் கர்ராவாங் பண்ணைக்கு ஓடினார்கள். அதன் உரிமையாளர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் 1,274 பேருக்கு இடமும் உணவும் கொடுத்துக் காத்தார். பின்னர் விசாரணை நடந்தது; குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். அதே ஆண்டு நவம்பரில் காலனி அரசு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது தாக்கியவர்களை அல்ல, சீனர் வருகையை.

அந்த நாள்களில் ஆள் திரட்டப் பயன்பட்ட பதாகை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கூடாரத் துணியில் தீட்டியது. நடுவில் பெருக்கல் குறி போன்ற புனித ஆண்ட்ரூ சிலுவை, அதன் மேல் தென்சிலுவை விண்மீன்கள், சுற்றிலும் "திரண்டு வாருங்கள், சீனர் வேண்டாம்" என்ற பொருள்பட ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகளில் அவசரமே இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து, வண்ணம் கலந்து, அழகுபார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதுவே மிகவும் அச்சமூட்டியது. 1901-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தவுடன் வந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தப் பதாகையின் கோரிக்கையைத்தான் நாட்டின் கொள்கையாக்கியது. இந்தியர்களையும் இலங்கையரையும் வாசலில் நிறுத்தியதும் அதுவே. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973-இல் முற்றாகக் கைவிடப்பட்டிராவிட்டால், நான் இந்த நாட்டில் ஒரு செர்ரி மரத்தின் கீழ் நின்றிருக்க வழியில்லை. இந்தத் துணியைச் சுருட்டி ஓர் அலமாரிக்குள் போட்டுவிடாமல் ஊரின் நடுவே வைத்திருப்பதற்காக யங் மக்களை நான் மதிக்கிறேன்.

மாலையில் பிளாக்கார்டு கல்லி என்னும் பள்ளத்தாக்குக்குப் போனோம். சீனச் சுரங்கத்தவர்கள் வேலை செய்த இடம். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு இடையே தோண்டிய குழிகளும் மண்மேடுகளும் இன்னும் தெரிகின்றன. வேறு யாரும் வரவில்லை.

டிசம்பர் 2

ஊருக்கு வெளியே சைனாமேன்ஸ் டேம் என்ற நீர்த்தேக்கம். டீடெமான் சகோதரர்கள் தங்கமண் அலசுவதற்காகக் கட்டி, பின்னர் சீனக் குழு ஒன்றுக்கு விற்றது. அதன் கரையில் ரோட்டரி சங்கத்தார் 1992-இல் தொடங்கிய சீன நினைவுத் தோட்டம் இருக்கிறது. பாலம், சிங்கங்கள், குளம், யங்கின் சகோதர நகரமான சீனாவின் லாஞ்சோவை நினைவூட்டும் பறக்கும் குதிரைச் சிலை. குழந்தைகள் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். தோட்டம் அழகானதுதான், ஆனால் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கே அது ஏன் இங்கே இருக்கிறது என்பது விளங்கும். இந்த வரிசையில் பார்ப்பதே நல்லது.

ஆளுநர் சர் ஜான் யங்கின் பெயர் 1863-இல் இந்த ஊருக்குச் சூட்டப்பட்டது. 1889-இல் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் மின்சாரம் கொடுத்த முதல் ஆஸ்திரேலிய ஊர் என்ற பெருமையையும் சொல்லிக்கொள்கிறார்கள். சுற்றிலும் ஹில்டாப்ஸ் என்ற திராட்சை வட்டாரம், ஷிராஸ் ஒயினுக்குப் பெயர் பெற்றது. எங்களுக்கு அதில் ஈடுபாடு இல்லாததால் கடந்து வந்தோம்.

டிசம்பர் 8

வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியில் பாதி இன்னும் இருக்கிறது. கழுவாமல், காம்போடு, குளிர்பதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் வைத்திருக்கிறோம், உண்ணும்போதுதான் கழுவுகிறோம். இதுவும் அந்த அம்மையார் சொன்னதே. தோட்டங்களில் பறித்த பழத்தை உடனே குளிர்ந்த நீரில் நனைத்துச் சூட்டை இறக்கிவிடுகிறார்கள். அந்தக் குளிர்ச்சி விட்டுப்போகாத வரை பழம் உறுதியாக இருக்கும்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். தேசிய செர்ரி விழாவை ஒட்டிய வார இறுதியில் ஊர்வலமும், செர்ரி விதையை யார் அதிகத் தூரம் துப்புவது என்ற போட்டியும் நடக்கும். தங்குமிடம் கிடைப்பது கடினம். பழம் பறிப்பது மட்டுமே நோக்கமானால் வார நாளில் போவது மேல். புறப்படும் முன் காலையில் தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். முந்திய இரவில் மழை பெய்திருந்தால் கதவு திறக்காது. கிறிஸ்துமஸ் தாண்டினால் மரத்தில் அதிகம் மிஞ்சாது.

செர்ரி முடிந்ததும் இந்த வட்டாரத்தில் உலர் பிளம் பழத்தின் முறை. டாழான் என்ற பிரெஞ்சு வகையை மரத்திலேயே நன்கு முற்றவிட்டு, இயந்திரத்தால் மரத்தை உலுக்கி, சூடான காற்று ஓடும் கூடங்களில் உலர்த்துகிறார்கள். ஏறத்தாழ மூன்று கிலோ பழம் ஒரு கிலோவாகச் சுண்டுகிறதாம். பிப்ரவரியில் அந்த வேலை நடக்கும்போது வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் அம்மையார். போய் வந்த பின் அதைப் பற்றி எழுதுகிறேன்.